இலங்கைக்கு இரண்டு கொமிசேர்

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நான் பிரெஞ்சு படித்த வகுப்பில் தமிழ் கதைக்க எனக்கு ஒரேயொரு ஆள்தான் இருந்தார். மன்னாரிலிருந்து வந்த ஓர் அண்ணை. என்னோடு அறையில் இருந்தவன் டொரொன்டோவுக்குப் போய்விட்ட குளிர்காலம் அது. வகுப்பில்லாத நாட்களில் கடைக்காரனுக்குப் 'பொன்ஜூர்' என்று வணக்கமும் 'மெர்சி' என்று நன்றியும் சொல்ல மட்டுமே வாய் திறப்பேன்.

அண்ணையின் அகதி விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. அதில் வென்றால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவருக்கு இங்கே பெயர் கொமிசேர். நான் சும்மா இருப்பேனா?

"அண்ணை, கொமிசேர் சிலநேரம் ஆளை மறைச்சு எங்கட வகுப்புக்கும் வருவாராம்."

"பகிடி விடாதை தம்பி."

ஆனால் மறுநாளே சப்பாத்தை மினுக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் போன நூற்றாண்டு உலகக் கண்காட்சி ஒன்றின் படத்தைக் காட்டினார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநில ஆளுநரும் அதற்குப் பிரதிநிதிகளை நியமித்துக் கடிதம் கொடுத்தாராம். எங்கள் பள்ளிக்கூடம் வைக்கவிருந்த கண்காட்சிக்கு நாங்களும் நாட்டுக்கு இரண்டு பேராக அப்படி நடிக்கவேண்டும். ஆளுநராக நடிக்கப் பள்ளிக்கூட அதிபர் கோட்டும் டையுமாக வந்திருந்தார். அந்தப் பிரதிநிதிக்கும் பிரெஞ்சில் கொமிசேர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதிபர் அண்ணைக்கு முன்னால் வந்து கடிதத்தை நீட்டி, "கொமிசேர்!" என்றார்.

அண்ணை எழும்பினார். என் பகிடியை நம்பி, வந்திருப்பவர்தான் விசாரணைக் கொமிசேர் என்று நினைத்துவிட்டார்.

"ஐயா, வீடு எரிஞ்சது உண்மை. மனிசியும் பிள்ளையும் முகாமில இருக்கினம். பிள்ளைக்கு நாலு வயசு, ஐயா..."

தமிழில் சொல்லிச் சொல்லி அழுதார். நல்ல நடிப்பென்று வகுப்பே கைதட்டியது. என்ன சொல்கிறார் என்று அதிபர் என்னைக் கேட்டார். என் பகிடி வெளிவந்துவிடும் என்ற பயத்தில், இலங்கைத் தேயிலையைப் பற்றிச் சொல்கிறார் என்றேன்.

தேயிலைக்குப் பிரெஞ்சில் 'தே'. அது அண்ணைக்கு விளங்கிவிட்டது.

"என்ர பிள்ளை உனக்குத் தேயிலையோடா?"

திங்கட்கிழமை கடைசி வாங்கில் போய் இருந்தார். விசாரணைக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை. கண்காட்சி நாளில் ஒரு தேயிலைப் பெட்டியோடு இலங்கைக்கு நான் ஒருவன்தான் நின்றேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணையை மெட்ரோவில் கண்டேன். கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி, பக்கத்தில் மனைவி. சந்தோசத்தில், "அண்ணை!" என்று கத்திவிட்டேன்.

திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார்.

"பொன்ஜூர்," என்றார்.