பாதி கடலில் விழுந்த வட்டம்

மணலி கம்பெனியில் கணக்கு வேலையை விட்டதை வீட்டில் கணவருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் புதுத் தொழில். முதலாளியும் நான்தான், வேலையாளும் நான்தான். நாலு பேராவது சேர்ந்த பிறகு, மீன் விற்கும் என் மாமியாரிடம் சொல்வதாக இருந்தேன். அதுவரை அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கட்டித்தரும் மீன்குழம்புச் சோற்றோடு தினமும் ஆபீஸ் போகிற வேஷம். ஆள் சேராவிட்டால் சத்தமில்லாமல் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான்.

போனில் காசு கட்டி விளம்பரம் போட்டேன். என் முகம் இல்லை, வண்டிப் படம் மட்டும். யார் கண்ணில் படவேண்டும் என்று மேப்பில் வட்டம் போடச் சொன்னது. திருவொற்றியூரில் போட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று வண்ணாரப்பேட்டையில் போட்டேன். கூப்பிட்டவர்கள் எல்லோரும் "அவ்ளோ தூரம் யாரு வர்றது?" என்று வைத்துவிட்டார்கள். வட்டத்தை எங்கள் தெருவுக்கே இழுத்துவந்தேன். பாதி கடலில் விழுந்தது. மீனுக்கா வண்டி கற்றுத்தரப் போகிறேன் என்று எரிச்சலாக வந்தது. மாமியார் கண்ணில் படாமலிருக்க, விளம்பரம் பார்ப்பவர்களின் வயதை நாற்பதோடு நிறுத்தினேன். லைக் வந்தது, ஆள் வரவில்லை. கற்றுக்கொடுக்கப் பார்த்து வைத்திருந்த மைதானத்து ஓரமாக வண்டியில் உட்கார்ந்து போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வயதை அறுபதுவரை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சோற்று டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. திரையில் 'அத்தை' என்று வந்தது. மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், விளம்பரத்துக்கென்று வாங்கிய புது நம்பருக்கு அடித்திருக்கிறார். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தமும் ஏலக் கூச்சலும்.

"வண்டி கத்துக் குடுக்கறது நீதானாம்மா? எனுக்கு அம்பது தாண்டிடுச்சி. ஷேர் ஆட்டோல மீன் கூடைய ஏத்த மாட்றானுங்கோ. தெனம் பேஜாரா கீது."

அந்த இரைச்சலில் என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. "கத்துக்கலாம்மா" என்றேன்.

"வூட்ல யாருக்கும் தெரியக்கூடாது. என் மருமவ ஆபீஸ் போற பொண்ணு. கேட்டா சிரிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. "சிரிக்க மாட்டாங்கம்மா. நாளைக்கு மத்தியானம் மைதானத்துக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். டப்பாவிலிருந்தது அவர் விடியலில் எழுந்து வைத்த குழம்பு. திறந்த டப்பாவை மூடி வைத்தேன்.

மறுநாள் ஹெல்மெட் போட்டு முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். போட்டேன், கழற்றினேன், திரும்பப் போட்டேன். காலிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

சற்று தள்ளியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த தன் டப்பாவைப் பார்த்தார்.

"இதான் உன் ஆபீஸா?"

"ஆமாத்தே."

கூடையைக் கீழே வைத்தார். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வண்டியின் அருகே வந்தார்.

"பிரேக் எங்க கீது? அத்த மொதல்ல காட்டு."