ராட்சசியை மாமியாராக்கிய சித்தப்பா

சித்தப்பாவைப் போல 'உம்' கொட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. என்னுடையது அவசர உம், அப்பாவுடையது தூக்க உம். சித்தப்பாவின் உம், ராணி அழும்போது கூடவே தாழும். ராட்சசி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். மார்கழி வந்தால் அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், இளவெயிலில், ஊறவைத்த அவரைக்கொட்டையை நடுவில் கொட்டிக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிதுக்குவோம். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். அத்தை கதை சொல்வாள். உம் கொட்ட ஆளில்லாவிட்டால் சொல்லமாட்டாள். அன்றைய பங்கு முடிந்ததும், "ஆய்த்து, எழுந்திருங்க" என்று கன்னடமும் தமிழுமாக எங்களைக் கிளப்பிவிடுவாள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. எங்கள் ஊரிலேயே ஆஸ்டின் டவுனில் வாழ்க்கைப்பட்டுப் போனவள், ஒருநாள் கட்டிய புடவையோடு திரும்பி வந்துவிட்டாள். பெண் குழந்தையை அவர்கள் கொடுக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை அல்சூர்க் கோயில் தேரன்று மாமியார் குழந்தையை அழைத்து வருவாள், அத்தை பார்த்துக்கொள்ளலாம். பதிலுக்கு, அந்த வீட்டில் நடந்ததைப் பற்றி அத்தை வெளியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் குழந்தை வராது. அத்தை சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? அதன் பிறகு அவள் தைத்துப் போட்டுக்கொண்ட ரவிக்கைகள் எல்லாவற்றுக்கும் கை முழங்கைக்குக் கீழே நீண்டிருக்கும். காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் கதை சொல்லக் கூடாது என்று யாரும் அவளிடம் சத்தியம் வாங்கவில்லை. ஒரே ஒரு ஊர்லே ஒரே ஒரு ராணி. அரண்மனையில் ராஜாவுக்கு அம்மாவாக ஒரு ராட்சசி. அவள் ராணியின் குரலைப் பிடுங்கி உப்பு ஜாடியில் போட்டு மூடிவிட்டாள். குரல் வெளியே வந்துவிடும் என்று ஜாடியைத் திறக்க விடமாட்டாள். குழம்பில் உப்பில்லை என்று ராணியைப் போட்டு அடிப்பாள். ஒருநாள் ராணி மைனாவாக மாறிப் பறந்துவிட்டாள். குஞ்சு மட்டும் அரண்மனையிலேயே தங்கிவிட்டது. வருடத்தில் ஒருநாள் ஜன்னல் திறக்கும். மைனா புளியமரத்தில் உட்கார்ந்து குஞ்சைப் பார்க்கலாம். மனுஷ பாஷையில் ஒரு சொல் பேசிவிட்டால் ஜன்னல் சாத்திக்கொள்ளும்.

வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அது யார் கதை என்று தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். அத்தையும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றுமே சொல்லாதவளாக எழுந்து போவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து கேட்டிருக்கிறார்கள். ஆஸ்டின் டவுன் காதுக்கே அந்தக் கதை எட்டியிருந்தாலும், "அந்த ராட்சசி நான்தான்" என்று சண்டைக்கு வர எவளுக்குத் துணிச்சல் வரும்? அத்தையின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கதை எப்படி முடியும் என்று கேட்டால் மட்டும், "குஞ்சுக்கு ரெக்கை மொளைக்கட்டும், அப்புறம் முடிக்கிறேன்" என்பாள்.

சித்தப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார், புனைபெயரில் கதைகள் எழுதினார். எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்து, பத்திரிகைகள் வாங்கி வந்து போட்டவர் அவர்தான். அவர் தோளில் ஏறாத நாள் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் மைசூர்பாகுப் பொட்டலமும் சென்னைப் பத்திரிகை ஒன்றுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அவருடைய கதை வந்திருந்தது. நாட்டுக்கதையை எடுத்து நவீன இலக்கியமாக்கியிருக்கிறார் என்று ஆசிரியர் மேலேயே நாலு வரி புகழ்ந்திருந்தார். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

அதில் ராஜா இல்லை, ரயில்வே குமாஸ்தா இருந்தார். அரண்மனை இருந்த இடத்தில் ஆஸ்டின் டவுன் வீடு, பச்சைக் கதவு, எதிரே இருந்த சோடாக் கடை உட்பட. ராட்சசி மாமியாராகியிருந்தாள். உப்பு ஜாடிக்குப் பதிலாக, உப்புக் குறைந்ததற்காகக் கரண்டிக் காம்பைக் காய்ச்சி மருமகளின் முன்னங்கையில் இழுத்த சூடு. எனக்கு அப்போதுதான் ரவிக்கைக் கை விஷயம் புரிந்தது. தெருவில் யார் வேண்டுமானாலும் எட்டணா கொடுத்து வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி புரிந்தது.

"ஏண்டா, நான் ராட்சசின்னு சொன்னேன், யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீ மாமியார்னு போட்டுட்டியே" என்றாள் அத்தை.

"இந்தக் காலத்துல மைனா, ராட்சசின்னா யாரு படிப்பாங்கக்கா? உண்மையை எழுதணும். உனக்காகத்தான் எழுதினேன்."

"எனக்காகவா? கடைசியில என்னை ஏரியில எறக்கிக் கொன்னுட்டியேடா."

"கதைன்னா ஒரு முடிவு வேணுமேக்கா."

அத்தை பத்திரிகையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த மைசூர்பாகை நான் தின்றேன். கசக்கவெல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடத் தேருக்கு அத்தை கண்ணாடி வளையலும் கதம்பமும் வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்க் கோயில் மதிலோரம் நின்றாள். நானும் கூட நின்றேன். தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்து, பொரிக்கடைக்காரர்கள் மூட்டை கட்டும்வரை நின்றோம். யாரும் வரவில்லை. அப்பா ஆஸ்டின் டவுனுக்குப் போய்ப் பார்த்தார். ஹூப்ளிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்களாம். எங்கே என்று சொல்ல ஆளில்லை. அடுத்த தேருக்கும் அத்தை வளையல் வாங்கினாள், அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக.

தம்பிக்கு அவள் சோறு போடுவதை நிறுத்தவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. கதை மட்டும் நின்றுபோயிற்று. மார்கழியில் அவரைக்கொட்டையைப் பிதுக்கும்போது விலைவாசி பேசினோம். சித்தப்பாவுக்குப் பெயர் வந்தது. பின்னால் கவிதையும் எழுதினார். கதைக்கு ஆகாது என்று தள்ளிய மைனாவைக் கவிதைக்கு எடுத்துக்கொண்டார், அதற்கும் கைதட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் நம்பின ஆள் அவர். இன்றைக்கும் நாட்டுக்கதையைப் புதுமையாக்கினேன் என்று யாராவது மேடையில் சொன்னால், அதை முதலில் சொன்னவள் யார், அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது.

அத்தை ஒரு தை மாதத்தில், காய்ச்சலில், எங்கள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். புதிதாகக் கல்யாணமானவள், கையில் பூப்பொட்டலம். அத்தையின் மூக்கு அப்படியே இருந்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். எதிரே நாற்காலியில் சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா ஏரியில எந்தப் பக்கம் எறங்கினாங்கன்னு காட்டுவீங்களா? பூ போடணும்" என்றாள்.

"ஏரியில எறங்கினாங்களா? யாரும்மா சொன்னது?" என்றேன்.

"பாட்டி. அம்மா எங்கேன்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்னு, ஒருநாள் பத்திரிகையில வந்திருந்ததைப் படிச்சுக் காட்டினாங்க. அப்புறம் நான் கேக்கவே இல்லை."

போன தைவரை அவள் அம்மா இந்த வீட்டில்தான் இருந்தாள் என்பதை நான் எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. அவள் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். இதற்குமட்டும் அவரே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் பேப்பரை இறக்கினார்.

"அது... சும்மா ஒரு கதைம்மா."

"கதைன்னா ராஜா ராணி வருவாங்களே மாமா," என்றாள் அவள். "அதுல எங்க வீட்டுக் கதவு இருந்துச்சே."