இல்லாத மூன்று பெண்கள்

அருப்புக்கோட்டையில் தங்கச்செல்வியின் திருமணத் தகவல் மையத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதலில் காபி வரும், பின்னாலேயே கேள்வி வரும். பையனுக்கு மதுரையில் வேலை என்றால் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்று கேட்பாள். அவர்கள் படியிறங்கியதும் அந்தத் தெருவில் தெரிந்தவர் யார் என்று போனில் தேட ஆரம்பித்துவிடுவாள். சுற்றுவட்டாரத்து வியாபாரக் குடும்பங்கள் தங்கள் பெண்களின் ஜாதகத்தை நம்பி அவளிடம் கொடுத்துவைத்திருந்ததே இந்தச் சந்தேகப் புத்திக்காகத்தான்.

ஜாதகங்கள் எல்லாம் பின் அறையில் பூட்டிக் கிடந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தன. காரியாபட்டியிலும் திருச்சுழியிலும் இருந்த கிளைகள் அதனோடு இணைந்துதான் வேலை பார்க்கும். சித்திரை வெயிலில் வோல்டேஜ் எகிறி அது ஒரு நாள் புகைந்துவிட்டது. சரிசெய்து கொண்டுவருவதற்குள் கிளைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளவுடுக்கு மாத்திருவோம்க்கா" என்றான் மாரிச்செல்வம். மையத்துக்கான மென்பொருளை எழுதித் தந்தவன் அவன்தான். "பெரிய கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல வாடகைக்கு இடம் எடுத்து நம்ம ஜாதகத்த வைக்கிறது. இங்க கரண்டு போனாலும் கிளை நிக்காது."

"எவன் வீட்டுலயோ கொண்டுபோயி நம்ம ஊருப் பொண்ணுகள வைக்கச் சொல்றியா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாகவே புகார் வந்துகொண்டிருந்தது. அவளிடம் பதிந்த கொஞ்ச நாளில் யாரோ தரகர்கள் அந்த வீடுகளுக்குப் போன் போடுகிறார்கள். மகள் ஜாதகத்தைப் பதிந்திருந்த மல்லாங்கிணறு தங்கம்மாள் மாடிப்படி ஏறி வந்து நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனாள்: "அந்த நம்பர உங்கிட்ட மட்டுந்தான் குடுத்தேன் செல்வி."

இன்டர்நெட் ஒயர் வழியாக எவனோ நம்பர்களை உருவுகிறான் என்று தங்கச்செல்வி முடிவுகட்டினாள். மாரிச்செல்வம் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றான். இவனே எழுதியது, இவனே பார்த்து இல்லை என்கிறான் என்று அவன்மேலும் ஒரு கண் வைத்தாள்.

கடைசியில் இரண்டு கம்பெனிகள் தேறின. ஒன்று ரொம்பப் பெரியது. அதன் சர்வர்கள் மும்பையில் இருந்தன. போனில் ஒரு குரல், அவ்வளவுதான், முகமே கிடையாது. இன்னொன்று மதுரைக் கம்பெனி. அங்கிருந்து உக்கிரபாண்டி என்பவர் அல்வாப் பெட்டியோடு நேரிலேயே வந்தார்.

"உங்க ஆளுக உள்ள பூந்து பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"ஈ காக்கா நுழையாது மேடம். என் தங்கச்சி ஜாதகத்தையே அங்கதான் வச்சிருக்கேன்."

யோசிக்காமல் சொன்ன அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அல்வாவும் பிரிக்கப்படாமலே கிடந்தது.

இரண்டு கம்பெனியும் கொஞ்ச நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்க விட்டன. அப்போதுதான் தங்கச்செல்விக்கு அந்த யோசனை வந்தது. உண்மையான ஜாதகம் ஒன்றுகூடப் போகக்கூடாது. அவளே உட்கார்ந்து இல்லாத குடும்பங்களை உண்டாக்கினாள். மும்பைப் பக்கம் சந்தனம்மாள் என்று ஒரு பெண். மதுரைப் பக்கம் தங்கலட்சுமி. இரண்டு பேரும் ஒரே பிள்ளை, படிப்பு நிறைய, அப்பாவுக்கு ரைஸ் மில். எந்தத் தரகருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆளுக்கொரு போன் நம்பர் கொடுத்தாள். எது அடிக்கிறதோ அந்தக் கம்பெனி திருட்டுக் கம்பெனி.

"அப்ப நம்ம மெசின்லயும் ஒரு பொண்ணப் போடுங்கக்கா" என்றான் மாரிச்செல்வம்.

"என் மெசினையே சந்தேகப்படுறியா?"

"எல்லாத்தையும் சோதிக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

வேண்டாவெறுப்பாக மாரீஸ்வரி என்று மூன்றாவதாக ஒருத்தியை உண்டாக்கி, 'விசாரணையில்' என்று குறித்துப் பதிந்தாள். அப்படிக் குறித்தவர்களை மையத்து ஆட்கள் தவிர வெளியார் யாரும் பார்க்க முடியாது. மூன்று பழைய போன்களில் பெயர் எழுதி ஒட்டி மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

ஒரு முற்பகலில் போன் அடித்தது. மதுரைக்காரன் மாட்டினான் என்றுதான் ஓடினாள். அடித்துக்கொண்டிருந்தது மாரீஸ்வரி.

"மாரீஸ்வரி அம்மாங்களா?" விருதுநகர்ப் பக்கத்துப் பெண் குரல். "நல்ல எடம் ஒண்ணு கைவசம் இருக்கு."

தங்கச்செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவானாள். "எங்க நம்பர் உங்களுக்கு யாரு குடுத்தாக?"

"காரியாபட்டி ஆபீஸ்ல இருக்கிற தம்பிதான். அங்கயே இருந்தா இழுத்தடிப்பாக, நம்மகிட்ட வந்தா சட்டுனு முடிஞ்சுரும்னு தம்பியே சொல்லுச்சு."

காரியாபட்டி ஆபீஸில் இருந்த தம்பி நவநீதகிருஷ்ணன். அவளுடைய சித்தப்பா மகன். மையம் தொடங்கிய அன்று பெயர்ப்பலகையை மாட்டியவன். பேசி முடித்தும் போன் காதிலேயே இருந்தது. யார் யாரையோ சந்தேகப்பட்டவளுக்கு இவன் முகம் ஒரு தடவைகூட நினைவுக்கு வந்ததில்லை.

அன்றைக்கே பஸ் ஏறினாள். நவநீதகிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணே கெடையாதுடா. நான் உண்டாக்குனது."

அவன் இல்லை என்று சாதிக்கவில்லை. "நீங்க என்னைய எப்பக்கா நம்புனீக? சாயங்காலம் போன் போட்டு இன்னைக்கு யாரு வந்தா, எவ்வளவு நேரம் இருந்தான்னு கேப்பீக. நான் சொல்லி முடிச்சதும் பக்கத்து டீக்கடையில கேப்பீக. டீக்கடைக்காரரு எங்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு. எப்படியும் திருடன்னுதான நெனைக்கிறீகன்னு..."

"அதுக்காக வயசுப்புள்ளைக நம்பரையா விப்ப?"

அவள் அங்கிருந்தே மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டு நவநீதகிருஷ்ணனின் பாஸ்வேர்டை நிறுத்தச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அது தம்பி காதில் விழக்கூடாது என்று திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த வாரம் மும்பைக் கம்பெனியையே எடுத்தாள். மாரிச்செல்வத்துக்கு ஆச்சரியம். "மதுரைப் போனும் அடிக்கலையேக்கா? உக்கிரபாண்டின்னா கூப்பிட்டா நேர்லயே வருவாரு."

"நேர்ல வர்றவனுக்கு நம்ம ஊரு தெரியும், யாரு வீட்டுப் பொண்ணுன்னும் தெரியும். மும்பையில இருக்கிறவனுக்கு மாரீஸ்வரி யாரு, மாயக்காள் யாருன்னே தெரியாது. தெரியாதவன்கிட்டயே இருக்கட்டும்." அதையும் சும்மா விடவில்லை. ஜாதகங்களைப் பூட்டும் சாவி கம்பெனியிடம் இல்லாமல் தன்னிடமே இருக்க வேண்டும், எந்தக் கிளையில் யார் எந்தப் பெண்ணைத் திறந்து பார்த்தாலும் பதிவாக வேண்டும் என்று மாரிச்செல்வத்தை உட்காரவைத்துச் செய்ய வைத்தாள். தங்கம்மாளிடமும் மற்ற வீடுகளிலும் தானே போய், தப்பு தன் ஆபீஸில்தான் என்று சொன்னாள். சிலர் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆடி பிறந்ததும் சித்தப்பா வந்தார். கம்ப்யூட்டர் மாற்றியதால் அக்கா ஆளைக் குறைத்துவிட்டாள் என்று மகன் அவரிடம் சொல்லியிருந்தான். தங்கச்செல்வி இலை போட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கேட்டார்: "கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தான். அப்படி என்னத்தா செஞ்சான்?"

"அவனையே கேளுங்க சித்தப்பா."

"அவன் சொல்லிட்டான். நீயும் சொல்லு."

அவள் ரசத்தை ஊற்றினாள். சொன்னால் இந்த மனிதர் வெளியில் தலைகாட்ட மாட்டார். சொல்லாவிட்டால் அவள்தான் கெட்டவள். அவர் இவ்வளவு வெள்ளந்தியாகக் கேட்கிறாரே, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாரா என்றும் உள்ளுக்குள் ஒன்று கேட்டது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஆடி கழிச்சு அவனுக்கு வேற எடத்துல சொல்லி விடுறேன்" என்றாள். எந்த இடம், என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு, "வாரேன்த்தா" என்று படியிறங்கினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளும் கூடவே நடந்தாள்.