பிலோமி சிஸ்டர் கேட்கவிடாத கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். எனக்கு வார விடுமுறை. ஏரல் கடைத்தெருவில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அதிர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நாம் தொடங்கிய ‘பி வார்டு’ வாட்ஸ்அப் குழு. பொங்கல், ஈஸ்டர், ரம்ஜான் வாழ்த்துகளைத் தவிர இப்போது அதில் எதுவும் வருவதில்லை. “நம்ம பிலோமி சிஸ்டர் இன்னைக்கு விடியக்காலம் தவறிட்டாங்க” என்று மும்தாஜ் போட்டிருந்தாள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. முதலில் வந்தது பயம்தான். “எதனால?” என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். “எம்மா, வாழைக்கா வேணுமா, வேண்டாமா?” என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். அதற்குள் யாரோ எனக்குப் பதிலாகக் கேட்டுவிட்டார்கள். “மூச்சுத் திணறலாம்” என்று பதில் வந்தது. வாழைக்காயைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது அலையின்போது பிலோமி சிஸ்டருக்கு அந்த நோய் வந்தது என்னிடமிருந்துதானோ என்ற சந்தேகம் இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன், அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிய வேண்டும்.

தூத்துக்குடியில் நாம் வேலை பார்த்த மருத்துவமனையில் அவர் பி வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். கடற்கரைத் தெருக்காரர். குட்டையான உருவம், பெரிய குரல். நோயாளிகளைக் கவனிக்க நாம் இருக்கிறோம், நம்மைக் கவனிக்கத் தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்தவர். காலையில் வந்ததும் நம் ஸ்கூட்டர் சாவிகளை வாங்கி மேசைக்குள் பூட்டிவிடுவாரே, நினைவிருக்கிறதா? நம்மில் ஒருத்தி வேலை முடிந்து போகும்போது வண்டியிலேயே கண்ணயர்ந்து உப்பளத்துப் பாத்திக்குள் விழுந்த பிறகு வந்த ஏற்பாடு அது. இரண்டு மணிக்கு அந்தப் பிளாஸ்டிக் உடுப்பைக் கழற்றி, குளித்து, இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்தால்தான் சாவி கிடைக்கும். எனக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன சின்னப் புள்ளையா சிஸ்டர்? சாவியக் குடுங்க” என்றேன். “சின்னப் புள்ளைன்னா தூக்கிட்டுப் போயி வீட்டுல விட்டுருவேனே. நீ எழுவது கிலோ இருக்க. உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் டம்ளரைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

வார்டைக் கூட்டித் துடைத்த இசக்கியம்மாளுக்கு நோய் வந்தபோது நாம் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் தெருவில் கம்பு கட்டி வழியை அடைத்தார்கள். அது தெருக்காரர்கள் செய்தது. நாம் என்ன செய்தோம்? அவள்தான் வார்டுக்குள் கொண்டுவந்தாள் என்று ஓய்வறையில் உட்கார்ந்து பேசினோம். நானும்தான் பேசினேன். அப்போது கதவருகே வந்து நின்ற சிஸ்டர் கத்தவில்லை. “யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துன்னு இந்த வார்டுல இனிமே ஒருத்தரும் கேக்கப்புடாது. அதக் கேக்க ஆரம்பிச்சா நாளைக்கு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டிய. வேல நடக்காது” என்றார். சொல்லிவிட்டு, இசக்கியம்மாள் வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது என்று முறை போட்டுச் சுவரில் ஒட்டினார். முதல் நாளில் அவர் பெயரே இருந்தது.

பிறகு வந்ததுதான் காலைப் பொட்டலம். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை அவர் நம்பவில்லை. “பாராசிட்டமால் போட்டுட்டு வந்தா அது ஏமாந்துரும். நானும் நர்ஸ்தாம்ளா, நீங்க செய்யுதது எனக்குத் தெரியாதா?” என்பார். அதனால் தினமும் வேலைக்குள் நுழையுமுன், வெளியே வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து ஆளுக்கொரு சின்னக் காகிதப் பொட்டலம் கொடுப்பார். முகக்கவசத்தை இறக்கி, பிரிக்காமல் மூக்கில் வைத்து, உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது நெத்திலிக் கருவாடு. மல்லிகைப்பூ வைக்கக்கூடாதா என்று மும்தாஜ் கேட்டதற்கு, “பூ வாசம் தெரியலன்னா சளி புடிச்சிருக்குன்னு சாக்குச் சொல்லுவிய. கருவாடு தெரியலன்னா என்ன சொல்லுவிய?” என்றார். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த சைவக்காரப் பெண்ணுக்கு மட்டும் பெருங்காயம். அந்தப் பயங்கர நாட்களிலும் நாம் கொஞ்சம் சிரித்த இடம் அந்த மரத்தடிதான்.

ஒரு வியாழக்கிழமை காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. சோப்பை எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. நான் நர்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலைக்கு ஆள் இல்லை, நான் போகாவிட்டால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வார்டில் படுத்தவர்களில் எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் போகவில்லை என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். பரிசோதனை செய்தால் நானும் அந்தக் கட்டிலுக்குப் போவேன் என்று பயந்தேன். ஏரலில் மாமியாரோடு விட்டிருந்த என் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேப்பமரத்தடியில் பொட்டலத்தை முகர்ந்து மூக்கைச் சுளித்து, “கருவாடு சிஸ்டர்” என்றேன். சிஸ்டர் தலையாட்டினார். வெள்ளிக்கிழமையும் அப்படியே சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு நோயாளி இறந்தார். சாகுபுரம் ஆலையில் வேலை பார்த்தவர், என்னைவிட வயதில் சின்னவர். வெளியே வந்து உடுப்பைக் கழற்றி, ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அவருக்காக மட்டும் அழவில்லை, எனக்காகவும் அழுதேன். அழுது அழுது முகக்கவசம் நனைந்துவிட்டதால் அதையும் கழற்றியிருந்தேன். பிலோமி சிஸ்டர் கையில் காப்பியோடு உள்ளே வந்தார். அவர் முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, “அழு. அழுதுட்டு வீட்டுக்குப் போ” என்றார்.

தள்ளி உட்காருங்கள் சிஸ்டர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். சொல்லவில்லை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்தக் கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதுதான் இன்றுவரை என்னைக் குத்துகிறது.

சனிக்கிழமை காலை பொட்டலத்தை முகர்ந்து, முந்தின நாட்களைவிட நன்றாக மூக்கைச் சுளித்து, “கருவாடு சிஸ்டர்” என்றேன். எனக்கு முன்னால் நின்ற மும்தாஜ் திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் மெதுவாக, “பிரிச்சுப் பாரு” என்றார். பிரித்தேன். காப்பித்தூள். அன்றைக்கு மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் ஆளாக மும்தாஜ் “காப்பித்தூள்” என்று சரியாகச் சொன்னது என் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

“எத்தன நாளா இப்புடி இருக்கு?”

“இன்னைக்குத்தான் சிஸ்டர்.”

“செல்வி.” என் பெயரை மட்டும் சொன்னார்.

“வியாழக்கெழமையில இருந்து.”

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நோயாளி வாந்தி எடுத்தாலும் நகராத மனுஷி அவர். அந்த ஓரடியில் அவருக்கும் வெள்ளிக்கிழமை மதியம் ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் திட்டவில்லை. “பயந்துட்டியாக்கும். சரி, பையை எடு. நான் வண்டி சொல்லுதேன்” என்றார்.

எனக்குப் பத்து நாள் காய்ச்சலோடு போயிற்று. அவருக்குப் புதன்கிழமை காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் நம் வார்டிலேயே ஆக்சிஜனோடு படுத்திருந்தார். பிழைத்து வந்தார், ஆனால் பழைய பிலோமி சிஸ்டராக வரவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். அந்தப் பெரிய குரல் போய்விட்டது. ஓய்வு வயதுக்கு முன்னரே வேலையை விட்டார். அவர் வீட்டுக்குப் போய் ஒருமுறை கேட்டேவிட்டேன்: “என்னாலயா சிஸ்டர்?” அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “அந்தக் கேள்வி நமக்குள்ள கெடையாதுல்லா” என்றார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன். பயம் மட்டும் கூடவே பஸ் ஏறி வந்தது.

போன புதன்கிழமை சிஸ்டரின் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் அவர் வீட்டில் இருந்தேன். அவர் கணவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கூடத்தில் ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேச ஆரம்பித்தார்.

“எம்மா செல்வி, அவள நாந்தான் கொன்னுட்டேன். அந்தச் சமயம் ஹார்பர்ல இருந்து தொண்ட வலியோட வந்தேன். திங்கக்கெழம. புதங்கெழம அவளுக்குக் காய்ச்ச. என்னாலதானான்னு அவகிட்டயே கேட்டேன். அதக் கேக்காதீங்கன்னுட்டா. இல்லைன்னு சொல்லலியே. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து இந்தக் கட்டில்லதான் படுக்கேன். உள்ள போறதில்ல. என் மூச்சு இனிமே அவ மேல படவேண்டாம்னு.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் நான் தேடிக்கொண்டிருந்த பதிலை அவர் தானாகவே என் கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கலாம். ஒரு நிமிடம், பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சொன்னேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப நான் இல்லியா?” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எம்பக்கந்தான் வாய்ப்பு அதிகம்.”

“அவளுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?”

கணவரிடம் சொன்னால் சிஸ்டர் என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். என்னைக் காப்பாற்ற அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மூடிய வாயைப் பார்த்து இந்த மனிதர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஒரே வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மெல்ல எழுந்து உள் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. சிஸ்டர் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மெத்தையைக் கையால் தடவிவிட்டு, அதிலேயே படுத்துக்கொண்டார். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

பி வார்டில் என்னோடு வேலை பார்த்தவர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று அவர் சொன்னது அன்றைக்குச் சரி. இசக்கியம்மாளை அது காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. ஆனால் வார்டு முடிந்து இத்தனை வருடமாகியும் நாம் அந்தத் தடையை முடித்துவைக்கவில்லை. அதை நான் இன்றோடு விடுகிறேன். நான் வைத்துக்கொள்வது, அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றுமே விசாரிக்காமல் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை மட்டும்தான். உங்களிலும் யாராவது இப்படி எதையாவது மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்குக் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.