பின்கதவின் கைப்பிடி

கார் ஷெட்டில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு ஓடும் நீளமான கறுப்புக் காரை, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போவதுபோல ஓட்டுவார். அவரைப் பார்த்துத்தான் ஒரு பெண் அலறினாள்.

மத்தியான வேளை. அவள் தனியாக ஏறினாள். பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், நிதானம் கிடங்குகள் இருக்கும் சந்துக்குள் காரைத் திருப்பினார். ஷட்டர்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஆள் நடமாட்டமே இல்லை.

"இது எந்த வழி?"

"சுத்து வழிதாம்மா. அந்தப் பக்கம் ரோட்டை வெட்டிட்டாங்க."

"வேண்டாம், நிறுத்துங்க. நான் இறங்கிக்கிறேன்."

நிறுத்தினார். அவள் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறக்கவில்லை. மறுபக்கம் நகர்ந்து இழுத்தாள். அதுவும் அசையவில்லை.

"திறங்க! திறங்கன்னு சொல்றேன்ல!"

அவர் கதவு லாக் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்றது, அவ்வளவுதான். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது, வாலு, ஓடுகிற காரில் கதவைத் திறந்து தொலைப்பாள் என்று இரண்டு பின்கதவிலும் சைல்ட் லாக் போட்டிருந்தார். அதைப் போட்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். எடுத்துவிட மறந்துபோனார்.

இறங்கிப்போய்த் திறந்துவிடலாம் என்று ஒரு காலை வெளியே வைத்தார்.

"கிட்ட வராதீங்க!"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. போனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தா இப்படி? இவள் ஒரு வார்த்தை சொன்னால் லைசென்ஸ் போய்விடும். ஸ்டீயரிங்கை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

பின்ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார். சாவியை உருவி அவள் பக்கத்தில் போட்டார்.

"நான் வரலம்மா. ஜன்னல் வழியா கையை விட்டு வெளிக் கைப்பிடியை இழுங்க, திறந்துக்கும். நான் தள்ளிப் போயிடறேன்."

எதிர்ச்சுவருக்குப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றார். கதவு திறந்தது. ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் புகார் கொடுத்தாள். லைசென்ஸ் அலுவலகத்தில் விசாரித்த அதிகாரி அம்மாளிடம் அவர் நடந்ததை அப்படியே சொன்னார். அந்த அம்மாள் எழுந்து காருக்கு வந்து, சைல்ட் லாக்கைப் போட்டுவிட்டு, "பின்னால உட்காருங்க" என்றார். ஜன்னலை ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

"இப்ப இறங்குங்க."

திறக்காது என்று தெரிந்தும் நிதானம் இழுத்தார். மறுபடி இழுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கதவைத் திறந்துவிட்ட அம்மாள், "உங்களுக்குக் காரணம் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது" என்றார்.

லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பிறகு எச்சரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் நிதானம் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"என்னப்பா, இன்னிக்கு நீதான் முதலாளியா? டிரைவர் டீ குடிக்கப் போயிட்டானா?" என்று ஷெட்டில் கேலி செய்வார்கள்.

கைப்பிடியை இழுத்து, கதவு விலகி வெளிக்காற்று முகத்தில் படும்வரை அவருக்கு மூச்சே வருவதில்லை.