டைம் அவுட்

மேற்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தார் ஒரு பாய். வெள்ளைத் தாடி, கழுத்தில் அளவு டேப். பேச்சு நம்மோடு இருந்தாலும் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அங்கே பாஸ்கெட்பால் கோர்ட். பந்து கடைக்குள் வந்து விழுகிறது என்று ஒரு நாள் சண்டை போடப் போனவராம்.

"போனேன், நின்னேன், அப்படியே ஒக்காந்துகினேன். இப்போ ஒரு மேட்ச் வுடறதில்ல."

நாங்கள் மெத்தை வாங்கப் போயிருந்தோம். எனக்கு இலவம்பஞ்சு, கணவருக்கு ஸ்பிரிங். பேச்சு முற்றி, மெத்தையை விட்டு மாமியார் வரைக்கும் போய்விட்டது. பாய் சட்டென்று நடுவில் வந்து, ஒரு உள்ளங்கையைக் கவிழ்த்து, மறுகை விரல்களை அதன் அடியில் நிமிர்த்தி நிறுத்தினார், கோர்ட்டில் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தக் கேட்பார்களே, அதுபோல.

"டைம் அவுட்! தண்ணி குடிச்சிட்டு வந்து ஆடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை யார் பாய் முதல்ல கேக்கணும்?"

"ஆட்டம் கைய வுட்டுப் போவுதுன்னு யாருக்குத் தோணுதோ அவங்க. கேட்டா தோத்துட்டோம்னு இல்லம்மா. கேட்டுட்டு ஜெயிச்சவங்களையும் பாத்துகினுதான கீறேன்."

"உங்க வீட்ல யார் கேப்பாங்க?"

பாய் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, தலை நிமிராமல், ஒரு கையை மட்டும் தூக்கினார்.

பாய் சொன்னதை இன்றும் விடாமல் கடைப்பிடிக்கிறோம். எங்கள் வீட்டில் டைம் அவுட் கேட்பது பெரும்பாலும் நான்தான். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்த அம்மாவின் கை.