ஜாஹித்தின் வலது கை

ஈப்போவில் படம் வரைகிற ஜாஹித்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "அவரா? பழைய கம்ப்யூட்டர் பைத்தியம் லா!" பைத்தியமாம்! பைத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்று வருடமாக மனுஷனுக்கு வலது கை நடுங்குகிறது. டாக்டரை விட்டால், அது அவருக்கும் மனைவி நஜீமாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் யார் படம் கேட்டு வருவார்கள்? பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்ற பயத்தில் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பழசின் மேல் ஆசையே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் ஜாஹித். இருபது வயதில் ஈப்போவில் கல்யாணக் கார்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் கம்ப்யூட்டரை முதன்முதலாகப் பார்த்தார். முதலாளி அதற்கென்றே ஏர்கான் போட்டு ஓர் அறை ஒதுக்கியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பொத்தானை அமுக்கினால் பெட்டி முனகி, இருமி, ஒருவழியாகக் கண் திறக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே ஜாஹித்துக்கு மனசு குளிர்ந்துபோகும். பிறகு தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அச்சகத்தையும் மூடினார்கள். முதலாளி அந்தப் பெட்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது பல வருடம் கட்டிலுக்கடியில் கிடந்தது. பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லி நஜீமா நச்சரித்துக்கொண்டே இருப்பாள்.

கை நடுங்கத் தொடங்கியதும் அதைத்தான் இழுத்து வெளியே வைத்தார். அதில் படத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அம்புக்குறியைத் தட்டினால் ஒரு கட்டம் நகரும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் அந்தக் கட்டத்தில் வண்ணம் விழும். கை என்னதான் ஆடினாலும் கட்டம் ஆடாது. இருப்பதே பதினாறு வண்ணம். காலையில் நஜீமா அரை கிளாஸ் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுப்பாள். நிறைய ஊற்றினால் சட்டைக்குத்தான் போகும். குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருவார். புலியோ பூனையோ, முதலில் கண்ணைத்தான் வைப்பார். ஒரு கட்டம் மேலே ஏறினால் கோபம், கீழே இறங்கினால் அழுகை. அது சரியாக அமையும்வரை வாலுக்கும் காதுக்கும் போகமாட்டார்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற சாந்தினி அந்தப் படங்களைப் பார்த்துச் சொக்கிப்போனாள். "அந்தக் காலத்து ஸ்டைல் அண்ணே! வேற யாருக்கும் வராது!" ஜாஹித் சிரித்து மழுப்பினார்.

போன மாதம் பெட்டி முனகியது, இருமியது, கண் திறக்கவில்லை. பழுது பார்க்கிற ராஜு வந்து பின்பக்கத்தைக் கழற்றினார்.

"போர்டு போச்சு அண்ணே. ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு. இனி எழுந்திரிக்காது."

"வேற எங்கயாச்சும் கேட்டுப் பாரேன் தம்பி. தைப்பிங்ல பழைய சாமான் கிடைக்குமே."

"எதுக்கு அண்ணே? புதுசுலயும் இதே மாதிரி கட்டம் கட்டமா போடலாம். நான் செட் பண்ணித் தாரேன்."

போடலாம்தான். ராஜு சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பழைய பெட்டியில் போட்டால் ஆசை என்பார்கள். புதுசில் போட்டால், பேனாவால் ஒரே இழுப்பில் இழுக்கிற கோட்டுக்கு ஏன் இந்தப் பாடு, கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்களே! இதை ராஜுவிடம் எப்படிச் சொல்வது? யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தார்.

மறுநாளே சாந்தினி வந்து நின்றாள். பத்து காஜா ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் புத்தக வெளியீடாம். புத்தகம் வாங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பக்கத்தில் ஜாஹித் தன் கையாலேயே ஒரு படம் போட்டுத் தர வேண்டுமாம்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன் அண்ணே. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லிவிடுங்கள் என்று நஜீமா கண்ணாலேயே கெஞ்சினாள். ஜாஹித் வாயைத் திறந்தார்.

"வாரேன்மா," என்றார்.

அட ஆண்டவனே, இந்த மனுஷனை என்ன செய்வது? டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கூட்டிப் போட்டுப் பார்த்தார். நடுக்கம் குறையவில்லை, தூக்கம்தான் கூடியது.

போனார். மண்டபம் நிறையப் பிள்ளைகள். வரிசையில் முதலில் நின்ற சிறுமி, "பூனை, அங்கிள்," என்றாள். பேனா தாளில் பட்டதும் கை ஆடத் தொடங்கியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. பூனையின் முதுகு ரம்பம் மாதிரி வந்தது.

"பாருங்க பிள்ளைங்களா!" சாந்தினி மைக்கில் கூவினாள். "உங்களையெல்லாம் பார்த்த சந்தோஷத்துல அங்கிளுக்குக் கையே நடுங்குது!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். ஜாஹித்தும் சிரித்தார். வேறு என்ன செய்வார்? இரண்டாவது பிள்ளைக்கு மீன், அதற்கும் தட்டினார்கள். மூன்றாவது பிள்ளைக்குக் கோழி. பின்னால் ஓர் ஆசிரியை மட்டும் தட்டிவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்காவது பிள்ளையின் பட்டாம்பூச்சிக்கு யாரும் தட்டவில்லை. கடைசி வரிசையில் நஜீமா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சாந்தினி மைக்கை அணைத்துவிட்டு அருகில் வந்து குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்பலேருந்து அண்ணே இப்படி?"

ஜாஹித் பதில் சொல்வதற்குள், அடுத்த பிள்ளை புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தது.

"எனக்கு யானை, அங்கிள்."